நெல்லிக்கனியும் ஓர் அணுவும்

அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியைப் பற்றிப் பாடஞ் சொல்லிய ஒருநாள், பின்வாங்கிலிருந்த மாணவனொருவன், “ஐயா, அக்கனியில் அப்படி என்னதான் இருக்கிறது?” என வினவினான். தமிழாசிரியனாகிய யான் விடையிறுக்க இயலாது நின்றேன். பின்னர் விஞ்ஞான ஆசிரியரொருவரிடங் கேட்டும் நூல்களைப் பயின்றும் அறிந்ததை இம்மலரில் எழுதுகின்றேன்.

நம் தோல், எலும்பு, தசைநாண், பல்முரசு ஆகியவற்றைப் பிணித்து நிற்பது கொலாசன் என்னும் புரதம். அஃது மூன்று சங்கிலிகளாலானது என 1954 இலும், அவை வடம்போல் முறுக்குண்டு கிடப்பன என 1955 இலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து எடுத்துக்காட்டியவர்கள் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் ஆவர். கயிறு திரிப்பதைக் கண்டவர்க்கு இவ்வமைப்பை விளக்க வேண்டுவதில்லை.

ஆயின், கலத்தினுள் முதலில் உண்டாகும் சங்கிலி அப்படியே உதவாது. அதிலுள்ள புரோலின் என்னும் அமினோ அமிலங்கள் பலவற்றில் ஒவ்வோர் ஒட்சிசன் அணு சேர்தல் வேண்டும். சேரின் அவை ஐதரொட்சிபுரோலின் எனப்படும். ‘வேலை கொடு’ என்பதற்கும் ‘வேலைக் கொடு’ என்பதற்கும் இடையே ஒரு ககரவொற்றே வேறுபாடு. ஒன்று தொழில் கேட்பது, மற்றது படைக்கலம் கேட்பது. புரதத்திலும் அத்துணைச் சிறு சேர்க்கையே செயலை மாற்றுகின்றது. சேர்க்கை பெறாத கொலாசன் ஏறத்தாழ 24 பாகை செல்சியசிலேயே முறுக்கவிழும். பெற்றதோ 39 பாகை அளவும் தாங்கும். நம் உடல் வெப்பம் 37 பாகையன்றோ!

அவ்வணுவைச் சேர்ப்பது ஒரு நொதியம். அதனிடத்துள்ள இரும்பு இடையிடையே ஒட்சியேற்றமுற்றுச் செயலிழக்கும். அதனை மீட்டு நிறுத்துவது விற்றமின் சி. அது குறையின் முரசிற் குருதி கசியும், பல் ஆடும், ஆறிய புண்ணும் மீளத் திறக்கும். இதுவே ஸ்கேவி நோய். 1747 இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர் தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் கொடுத்து இந்நோயுற்ற மாலுமிகளைத் தேற்றினார். காரணம் அவருக்குத் தெரியாது.

ஆடும் மாடும் இவ்விற்றமினைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். மனிதனுக்கு அவ்வாற்றல் இல்லை; உணவிற் பெறல் வேண்டும். முருங்கையிலையில் இது மிகுதியாயினும், நெடுநேரம் அவிப்பின் பெரும்பகுதி அழிந்துபோம். நெல்லியும் கொய்யாவும் பச்சையாகவே உண்ணப்படுதலின் அக்குறை அவற்றுக்கில்லை. நெல்லி நெடிய ஆயுளைத் தரும் என்பதற்கு விஞ்ஞானஞ் சான்று பகரவில்லை. முரசைக் காக்கும் என்பதற்கு மட்டும் பகரும்.

வினவிய அம்மாணவன் இன்று பழைய மாணவருள் ஒருவன். இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், என் கடன் தீர்ந்தது.