‘எமான்ஸிபேஷன்’ : ஒரு சொல்லாராய்ச்சி

சென்ற பருவத்தில் எம் வகுப்பில் மொழிபெயர்ப்பிற்கென ஆங்கிலப் பகுதியொன்று தரப்பட்டது. அமெரிக்கத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் 1863 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளில் விடுத்த அறிக்கையைப் பற்றியது அது. அதன்கண் வந்த ‘எமான்ஸிபேஷன்’ என்னும் சொல்லிற்கு யாம் சிறிதும் தயங்காது ‘விடுதலை’ என்றெழுதினோம். உடன் பயில்வாரும் அவ்வாறே எழுதினர். எம் ஆசிரியர் ஏடுகளை நோக்கி, “சிறையினின்று வருவோனுக்கும் விடுதலை, நாட்டிற்கும் விடுதலை, அடிமைக்கும் விடுதலை. ஆங்கிலத்தார் வேறு வேறு சொல் வைத்திருக்க நமக்கு ஒன்றே சாலுமோ?” என வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

இச்சொல்லின் வேர் இலத்தீனில் உளது. ‘மானுஸ்’ என்பது கை. ‘காப்பெரே’ என்பது பற்றுதல். இரண்டும் கூடிப் பிறந்த ‘மன்சிப்பியும்’ என்னுஞ் சொல், கையாற் பற்றி உடைமையாக்குதலையும், அங்ஙனம் பற்றப்பட்ட அடிமையையும் குறித்தது. நம் ‘கைப்பற்றுதல்’ இதற்கு உடன்பிறப்புப் போன்றது. அக்கையினின்றும் புறத்தே விடுதலே ‘எமான்ஸிபேஷன்’. ஆயின் உரோமர் இதனை அடிமைக்கு உரியதாக வழங்கினாரல்லர் என்பது வியப்பு. அடிமையை விடுத்தலுக்கு அவர் ‘மானுமிஸ்ஸியோ’ என வேறொரு சொல் வைத்திருந்தனர். இச்சொல்லோ தந்தை தன் மகனைத் தன் ஆட்சியினின்றும் நீக்குதற்கு உரியது. தந்தை மகனை மும்முறை விற்பின் மகன் அவன் ஆட்சியினின்று நீங்குவான் என்பது அவர்தம் பன்னிரு பலகைச் சட்டம். ஆதலின் நம்பத்தக்கான் ஒருவனுக்குப் பெயரளவில் மும்முறை விற்று மகனை நீக்குவர். அவ்வாறு நீங்கியவன், பழைய முறைப்படி, தந்தையின் செல்வத்தில் மகனென்னும் உரிமையையும் இழந்தான். இதனைப் படிப்போர் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இனித் தமிழ் வழக்கை நோக்குவோம். கையினின்று விடுதல் உரோமனுக்கு வாழ்வு. நமக்கோ ‘கைவிடுதல்’ என்பது ஆதரவின்றித் துறத்தல். உறுப்பும் ஒன்று, வினையும் ஒன்று. பொருள் மட்டும் எதிராயிற்று. என்னை? உரோமன் கையைப் பிடியாகக் கண்டான். தமிழன் காப்பாகக் கண்டான் என்பது எம் கருத்து. (‘கைதி’ என்பதையும் இக்கையோடு சேர்த்து நண்பர் சிலர் பொருள் கூறினர். அது விலங்கைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழி வந்தது. நம் கைக்கும் அதற்கும் உறவில்லை.)

எம்முடன் பயிலும் திருவரங்கத்து நண்பர் ஒருவர் இதனினும் அரியதொன்றைக் காட்டினார். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட அவ்வூர் வீதிகளிற் பெரியோர் தம்மை ‘அடியேன்’ என்பது நாணியன்று, மகிழ்ந்தே. வைணவர்க்கு ‘அடிமை செய்தல்’ பெறற்கரிய பேறு. ‘விடு’ என்னும் வினையிற் பிறந்த ‘வீடு’ அவ்வடிமைக்குப் பகையன்று; அதன் முடிவே. வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசலின்முன் நிற்போரைக் கேட்பின் இது விளங்கும்.

கோயிலிற் பேறாகிய அச்சொல், மதிலுக்கு அப்பாற் கழனியில் வேறாயிற்று. 1819 ஆம் ஆண்டில் சென்னை வருவாய் வாரியம் அடிமைத்தனத்தைப் பற்றி ஆராய்ந்தபொழுது, நன்செய் நாடுகளில் உழுகுடிகள் பலர் நிலத்திற்கும் நிலமுடையார்க்கும் ஆட்பட்டிருந்தமை ஏடேறியது. 1833 ஆம் ஆண்டின் ஆங்கிலேய அடிமை ஒழிப்புச் சட்டமோ கம்பெனியாரின் நாடுகளைத் தன் எல்லைக்குப் புறம்பாக்கிற்று. பின்வந்தது 1843 ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம். இவரை விடுவித்தோம் என்று அது கூறவில்லை. ஒருவன் அடிமை என்பதுபற்றி எழும் உரிமை எதனையும் நீதிமன்றம் நிறைவேற்றாது என்றே கூறிற்று. பற்றிய கையை விடுக என்று ஆணையிடாது, சட்டம் தன் கையை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆகவே படியாள், பண்ணையாள் என்னும் பெயர்கள் நெடுங்காலம் நின்றன. 1976 ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமே ஆளோடு அவன்மேல் நின்ற கடனையும் அறுத்தது.

கடனை அறாது ஆளை மட்டும் விடுத்தற்குச் சான்று உருசிய நாடு. 1861 இல் விடுக்கப்பட்ட அந்நாட்டு உழவர், தாம் பெற்ற நிலத்திற்காக மீட்புத் தொகையை 1907 தொடங்கும்வரை செலுத்துமாறு விதிக்கப்பட்டனர். ‘மீட்பு’ என்னுஞ் சொல்லை யாம் சிறுபருவந்தொட்டுக் கோயிலிற் கேட்டுள்ளேம். பெரியகடை வீதியில் அடகு வைத்த வளையலைப் பாட்டியார் மீட்டு வந்த அன்றே, மீட்பென்றால் யாரேனும் விலை கொடுத்தாக வேண்டும் என்பது எமக்கு உறைத்தது.

இனி எம் இல்லத்து நிகழ்ச்சியொன்று. உயிலின்றி இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனும் மகளும் ஒத்த பங்கினர் என்பது 1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். பாட்டனார் மறைந்தபின், பாலக்கரையிலுள்ள வீட்டில் தமக்குரிய பங்கை எந்தையார்க்கு விட்டுக்கொடுக்க அத்தையார் ஊரிலிருந்து வந்தார். பதிவு அலுவலகத்தில் எழுதப்பட்ட ஆவணத்தின் பெயர் ‘விடுதலைப் பத்திரம்’. அத்தையார் மூக்குக்கண்ணாடியை அணிந்து தலைப்பை இருமுறை படித்தார். “இதிலே யாருக்குத் தம்பி விடுதலை?” என்று எந்தையாரைக் கேட்டார். எழுத்தர் நகைத்தார், எந்தையாரும் நகைத்தார். அத்தையார் கையொப்பமிட்டு, அன்று மாலையே பேருந்தேறினார். மும்முறை விற்கப்பட்டுப் பங்கிழந்த உரோம மகனை யாம் அப்பொழுது அறிந்திலேம்.

மொழிபெயர்ப்பு ஏட்டிற் பழைய சொல்லை அடித்து ‘அடிமை நீக்கம்’ என்றெழுதி ஆசிரியரிடம் மீண்டும் கொடுத்தோம். அவர் ஏற்றுக்கொண்டார். அத்தையார் ஒப்பமிட்ட தாளுக்கு உரிய சொல் யாதென்று எந்தையாரை யாம் இன்னும் கேட்டிலேம். இக்கட்டுரையை எழுதியதும் அவ்வீட்டு மாடியறையில்தான்.