சிசிஎன்ஏ தேர்வுக்கு எதில் பழகுவது?

சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் சான்றிதழான சிசிஎன்ஏவுக்குப் படிக்கத் தொடங்குகிறவர்கள் எந்தப் புத்தகம், யாருடைய வீடியோ என்று அலசுவதிலேயே நாட்களைக் கழித்துவிடுகிறார்கள். வெண்டெல் ஓடமின் இரண்டு பாகப் புத்தகமோ, யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் ஜெரமியின் பாடத்தொடரோ, மனதுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். யோசித்து முடிவெடுக்க வேண்டியது எதில் கைப்பழக்கம் பெறுவது என்பதைத்தான். சிஸ்கோ இலவசமாகத் தரும் பாக்கெட் டிரேசர், சிஸ்கோ கருவிகளின் நிஜ ஐஓஎஸ் மென்பொருளையே கணினியில் ஓட்டும் ஜிஎன்எஸ்3, சிஎம்எல் போன்றவை, பயன்படுத்திய ரூட்டரும் ஸ்விட்சும் என்று மூன்று வழிகள் உள்ளன. இந்தத் தேர்வைப் பொறுத்தவரை பாக்கெட் டிரேசரே மற்ற இரண்டையும்விடப் பொருத்தம் என்பது என் முடிவு.

காரணம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 200-301 தேர்வில் ஸ்விட்சிங்கை உள்ளடக்கிய நெட்வொர்க் அக்சஸ் பகுதிக்கு 20 சதவீதம், ஐபி கனெக்டிவிட்டிக்கு 25 சதவீதம். விஎல்ஏஎன், டிரங்க், ஈதர்சேனல், ஸ்டாட்டிக் ரூட், ஒரே ஏரியாவுக்குள் ஓஎஸ்பிஎஃப் ஆகியவற்றை அமைக்கவும் சரிபார்க்கவும் தெரிய வேண்டும் என்று பாடத்திட்டம் கேட்கிறது. இவை எல்லாமே பாக்கெட் டிரேசரில் ஓடும். ஆட்டோமேஷன் பகுதி 10 சதவீதம்தான். அதில் பெரும்பாலும் விளக்கவும் இனங்காணவும் தெரிந்தால் போதும், வாசிப்பே கைகொடுக்கும். கைப்பழக்கத்துக்கு ஓர் உதாரணம்: பாக்கெட் டிரேசரில் அடுத்தடுத்த இரண்டு ரூட்டர்களுக்கு ஓஎஸ்பிஎஃப் ஏரியா எண்ணை வேறு வேறாகக் கொடுத்துப் பாருங்கள். பிங் போகும், ஆனால் நெய்பர் பட்டியல் காலியாக இருக்கும். கேபிள் சரி, ஐபி முகவரி சரி, பிறகு எங்கே பிழை என்று தேடும் அந்த நேரத்தில் மனதில் பதிவது, புத்தகத்தில் அடிக்கோடிட்டுப் படித்தால் பதிவதில்லை. பாக்கெட் டிரேசரின் சிமுலேஷன் நிலையில் ஒரு ஏஆர்பி கேள்வி எந்தப் போர்ட்டில் நுழைந்து எவற்றின் வழியே வெளியேறுகிறது என்பதைப் படிப்படியாக நிறுத்திப் பார்க்கலாம். நிஜ ஸ்விட்சின் முன் உட்கார்ந்தால் இது கண்ணுக்குத் தெரியாது.

பாக்கெட் டிரேசர் வெறும் போலி, அதில் பல கட்டளைகள் வேலை செய்யாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் குறை பெரிதாக இடிப்பது சிசிஎன்பி போன்ற அடுத்த நிலையில். ஜிஎன்எஸ்3க்கு ஐஓஎஸ் இமேஜை நாமே முறையான உரிமத்தோடு கொண்டுவர வேண்டும். தொடக்க நிலை மாணவர் அதை நிறுவுவதிலேயே சோர்ந்துபோகிறார். நிஜ மென்பொருளைத் தொட்டுப் பார்க்க விரும்பினால், 5 நோடுகள் வரை அனுமதிக்கும் சிஎம்எல் இலவசப் பதிப்பைப் பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம். நிஜக் கருவி தருவது வேறு அறிவு: கன்சோல் கேபிளைச் செருகுவது, மறந்த கடவுச்சொல்லை மீட்பது, போர்ட் விளக்கின் நிறத்தைப் படிப்பது. களப்பணிக்குப் போகிறவருக்கு இது நிச்சயம் உதவும். அவருக்கும் பழைய 2960 ஸ்விட்ச் ஒன்றே தாராளம், அலமாரி நிறைய வாங்கத் தேவையில்லை.

கட்டணம் 300 டாலர், தோற்றால் மறுபடி முழுப் பணம். அதனால் ஒரு பாதுகாப்புக்காக டம்ப்பையும், அதாவது கசிந்த தேர்வுக் கேள்வி-விடைத் தொகுப்பையும், பார்த்துவிடலாமே என்ற வாதம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. பணத்தைப் பற்றிய பயம் நியாயமானது. ஆனால் டம்ப் சிஸ்கோவின் தேர்வு விதிகளுக்கு எதிரானது, கண்டுபிடித்தால் சான்றிதழே ரத்தாகலாம். நேர்முகத் தேர்வில் ஒரு டிரங்க் ஏன் எழவில்லை என்று கேட்டால் மனப்பாடம் துணைக்கு வராது. அந்தப் பயத்துக்கு, விடைக்கு விளக்கமும் தரும் மாதிரித் தேர்வை 120 நிமிடக் கடிகாரத்தோடு எழுதிப் பார்ப்பதே சரியான மருந்து. உண்மைத் தேர்வில் கடந்த கேள்விக்குத் திரும்ப முடியாது என்பதால் மாதிரியிலும் திரும்பாமல் எழுதிப் பழகுங்கள். தவறிய கேள்வி ஒவ்வொன்றையும் அன்றே பாக்கெட் டிரேசரில் கட்டிப் பாருங்கள்.