பாளை சீவும் வேளை

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. இந்தக் காலத்திலும் கையால் நாலு பக்கம் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்புகிற பையன் ஒருத்தன் இருக்கிறானே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் திண்ணையில் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நீ உபதேசியாராகப் பொறுப்பேற்று எட்டு மாதம்தான் ஆகிறது. பதினேழு குடும்பம், அதில் ஆறு வீடு பூட்டு. சென்னை, திருப்பூர், மஸ்கட். ஞாயிற்றுக்கிழமை முன்னால் மூன்று பாட்டிகள், பின்னால் கைபேசிக்குள் குனிந்து கிடக்கிற இரண்டு பையன்கள். மணியையும் நீயே அடித்து, பாட்டையும் நீயே எடுத்துக் கொடுக்கிறாய். இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதை. அதே கோயிலில் ஆறு வருஷம் இருந்தவன் நான். எனக்குப் புதுசாகப் பட்டது ஒரு வரிதான். ஜெபம் பண்ணும்போது வாய்தான் அசைகிறது, உள்ளே ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். எழுதிவிட்டு, வெட்கப்பட்டவன்போல உடனே வேதசாஸ்திரத்துக்குத் தாவிவிட்டாய். ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் கடைசியில் விழுந்துபோக முடியுமா, முடியாதா என்று.

இதற்காக ஆலந்து தேசத்து டார்ட் நகரில் 1618-லும் 1619-லும் மாதக்கணக்கில் சங்கம் கூடினார்கள். தேவன் பிடித்த கையை விடமாட்டார், மெய்யான விசுவாசி முடிவில் கெட்டுப்போகமாட்டான் என்று எழுதிவைத்தார்கள். பின்னால் ஜான் வெஸ்லி வந்து, விழ முடியும், ஜாக்கிரதை என்றார். ஒரு கட்சி யோவான் பத்தாம் அதிகாரத்தைக் காட்டும், மற்றக் கட்சி எபிரெயர் ஆறாம் அதிகாரத்தைக் காட்டும். நான் செமினரி வாசலை மிதிக்காதவன்; இந்த வழக்கைத் தீர்க்கப்போவதில்லை. ஆனால் இதை வாதத்துக்காகக் கேட்கிறவன் சத்தமாகக் கேட்பான். உன் எழுத்தில் சத்தம் இல்லை. ‘நான் விழுந்துவிடுவேனோ’ என்பதைத்தான் ‘விசுவாசி விழுவானா’ என்று திருத்தி எழுதியிருக்கிறாய். திருத்துவதற்கு முந்தின கேள்விக்கே பதில் எழுதுகிறேன்.

என் அப்பா பனையேறி. தேரிக்காட்டு ஓரத்தில் குத்தகைக்கு முப்பது மரம். பனை ஏறுவதை நீ பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பாய், மூட்டில் நின்று பார்த்திருக்கமாட்டாய். முருக்குத்தடியைச் சாய்த்து, காலில் தளைநாரை மாட்டி, இடுப்பில் அரிவாள்பெட்டி ஆட ஆட அவ்வளவு உயரம் ஏறி, மேலே போய்ச் செய்கிற வேலை ரொம்பச் சின்னது. பாளை நுனியில் ஒரே ஒரு சீவல். வெற்றிலை கனம்கூட இராது. கலயத்தில் ஊறியிருக்கிற பதனீரை எடுத்துக்கொண்டு, உள்ளே சுண்ணாம்பு தடவி, திரும்பக் கட்டிவிட்டு இறங்குவார். காலையில் ஒருதடவை, சாயங்காலம் ஒருதடவை. பதனீர்க் காலம் முடிகிறவரை இதுதான். விட்டுவிட்டால் வெட்டுவாய் காய்ந்துபோகும், ஊறல் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமையும் ஏறத்தான் வேண்டும். கோயிலில் அதைக் குறைசொன்னவர்கள் உண்டு. பாளைக்கு ஓய்வுநாள் தெரியுமா என்று கேட்டுவிட்டு, முதல் மணிக்குள் ஏறி இறங்கி, நகக்கண்ணில் சுண்ணாம்போடு வந்து ஆராதனையில் நிற்பார்.

ஒரு வருஷம் அவருக்குக் காய்ச்சல். எழுந்திருக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. முப்பது மரத்திலும் ஊறல் அடங்கிப்போயிற்று. அம்மா கருப்பட்டி காய்ச்சுகிற அடுப்பில் எங்கள் வீட்டுப் பூனை படுத்திருந்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. காய்ச்சல் விட்டதும் அப்பா ஏறினார். காய்ந்த பாளை காய்ந்ததுதான், அதைக் கெஞ்சிப் பிரயோஜனம் இல்லை. ஆனால் மரத்துக்கு ஒன்றிரண்டு இளம் பாளை பின்தங்கி வந்துகொண்டிருந்தது. அதுகளைக் கடிப்பால் நசுக்கிப் பதப்படுத்தி, முதலிலிருந்து தொடங்கினார். அந்த வருஷம் கருப்பட்டி பாதிதான் கிடைத்தது, கடன் ஏறிற்று. மரம் சாகவில்லை.

இதை நான் பிரசங்கத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. பனையேறிகள் இருக்கிற சபையில் பனை உவமை சொன்னால், உவமையை விட்டுவிட்டு நம் தொழில்பிழையைப் பிடித்துக்கொள்வார்கள். உனக்குச் சொல்லலாம்.

நானும் ஒருசமயம் பாளையைக் காயவிட்டவன். ஒரு சேகரத்தில் அசன விருந்துக் கணக்கில் அரிசி மூட்டை குறைகிறது என்று பேச்சு கிளம்பிற்று. எடுத்தது நானில்லை என்று, பேச்சைக் கிளப்பினவர்களுக்கே தெரியும். சபைத் தேர்தல் நெருங்கின நேரம், பழி சுமக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, அகப்பட்டவன் நான். மாற்றல் வந்தது. சாமான் ஏற்றுகிற அன்றைக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. புது ஊரில் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். ஆராதனை நடத்தினேன், சாவுவீட்டுக்குப் போனேன், பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்தேன். தனியாக முழங்கால் போடுகிறதை மட்டும் விட்டுவிட்டேன். கோபத்தில்தான் விட்டேன். அப்புறம் கோபம் போய்விட்டது, விட்டது விட்டபடியே இருந்தது. பதினைந்து மாதம். என் வீட்டுக்காரிக்குத் தெரியும். கேட்கவில்லை.

அந்த ஊரில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தி இருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷனுக்குப் பயம். தினம் நாலு மணிக்கு வந்து ஒரு அதிகாரம் வாசித்துவிட்டுப் போகச் சொன்னாள். பிரசங்கம் வேண்டாம், ஜெபம்கூட வேண்டாம், வாசித்தால் போதும், ஆனால் வரிசையாக வாசிக்கவேண்டும் என்று நிபந்தனை. நான் போய்ச் சேர்ந்த நேரம், முதலாம் நாளாகமம் ஆரம்பம். ஒன்பது அதிகாரம் வெறும் பெயர்! ஒரு நாள் பத்துப் பதினைந்து பெயரை நைசாகத் தாண்டினேன். “உபதேசியாரே, அந்தப் பேர்க்காரன் வீட்டு ஆள் யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா என்ன நினைப்பா? விடாம வாசியும்” என்றாள். கண் தெரியாதவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதே. வேதத்தை எட்டுத்தரம் முடித்தவள்.

வாசித்தேன். கடனுக்குத்தான் வாசித்தேன். நாளாகமம் முடிந்து, எஸ்றா முடிந்து, நெகேமியாவின் பாதியில் இருக்கும்போது, ஒரு மழைநாள் அவள் வீட்டுக்குப் போக முடியவில்லை. நாலு மணி ஆனதும் என் வீட்டில் உட்கார்ந்து நானாக அன்றைய அதிகாரத்தை வாய்விட்டு வாசித்தேன். வாசித்து முடித்துக் கொஞ்சநேரம் முழங்காலில் இருந்தேன். அழுகை, வெளிச்சம், சத்தம் ஒன்றுமில்லை. மறுநாளும் இருந்தேன். அவ்வளவுதான் என் சாட்சி. கன்வென்ஷன் மேடையில் இதைச் சொன்னால் ஒருவரும் அல்லேலூயா போடமாட்டார்கள்.

எதிர்ப்பு வந்து விசுவாசத்தை விட்டவர்களை நாற்பது வருஷத்தில் நான் கொஞ்சம் பேரைத்தான் பார்த்தேன். கசப்பில் விட்டவர்கள் அநேகம். அவர்களில் பாதிப்பேர் கோயிலை விட்டுப் போகவே இல்லை. இன்னும் கமிட்டியில் இருக்கிறார்கள்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை இன்றைக்கு ராத்திரி மெதுவாக வாசி. அதுவும் கிழவன் ஒருவன் இளம் ஊழியக்காரனுக்கு எழுதின கடிதம்தான். ஓட்டத்தை முடித்ததைச் சொல்கிற வசனத்தை எல்லாரும் கல்லறையில் வெட்டிவைக்கிறோம். அதற்குக் கொஞ்சம் கீழே வருகிறதை யாரும் வெட்டுவதில்லை. தேமா விட்டுப் போய்விட்டான். கொலோசெயர் நிருபத்திலும் பிலேமோன் நிருபத்திலும் வாழ்த்துதல் சொன்ன அதே தேமா, உடன்வேலையாள். இப்போது தெசலோனிக்கேயில். அதை எழுதின கையோடு அடுத்த வசனத்திலேயே, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமானவன் என்கிறார். மாற்கு யார்? பம்பிலியா நாட்டுப் பெர்கேயில் பாதி வழியில் கழன்றுகொண்டவன். அவனைத் திரும்பச் சேர்க்கமாட்டேன் என்று பவுல் பிடித்த பிடியில்தான் பர்னபாவுக்கும் அவருக்கும் பிரிவு உண்டாயிற்று. பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புருதீவுக்குப் போனார். நடுவில் என்ன நடந்தது என்று விவரமாக எழுதியிருக்கவில்லை. போனவனும் வந்தவனும் பக்கத்துப் பக்கத்து வசனத்தில் நிற்கிறார்கள். முடிவுவரை நிற்கிறவன் என்றால் ஒருநாளும் விழாதவன் என்று நீ அர்த்தம் பண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குச் சந்தேகம்.

அதே அதிகாரத்தில் துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியைக் கேட்கிறார், புஸ்தகங்களைக் கேட்கிறார், மாரிகாலத்துக்கு முன்னே வா என்கிறார். சாகப்போகிறவருக்குக் குளிரும், தம்பி.

உன் வீட்டு அலமாரியில் உன் தாத்தாவின் மோட்சப் பிரயாணம் இருக்கும். அதை எழுதின பனியன் பன்னிரண்டு வருஷம் பெட்ஃபோர்டு சிறையில் இருந்தவர். 1678-இல் அச்சான அந்தக் கதையை வைத்துத்தான் கரையிருப்பில் பிறந்த கிருஷ்ண பிள்ளை இரட்சணிய யாத்திரிகம் பாடி, தம் அறுபத்தேழாம் வயதில், 1894-இல் வெளியிட்டார். சின்ன வயதில் எனக்கு அதில் அரக்கனோடு சண்டை பிடித்திருந்தது. இப்போது பிடிக்கிறது வேறு இடம். சிங்கம், சந்தை, இராட்சதன் கோட்டை எல்லாம் தாண்டி ஊர் கிட்டத்தில் வந்தபிறகு, ஒரு மயக்கநிலம் வருகிறது. அங்கே எதிரி கிடையாது. காற்று தூக்கத்தைக் கொண்டுவரும், படுத்தவன் எழமாட்டான். யாத்திரை போகிற இரண்டு பேரும் அதைக் கடந்தது வாளால் இல்லை, பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடந்து கடந்தார்கள். கடைசி ஆற்றுக்குப் பாலமும் இல்லை. அவ்வளவு தூரம் நடந்து வந்தவன் அங்கே பயந்துபோய் மூழ்குகிறான். கூட வந்தவன்தான் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு போகிறான். விசுவாசம் அவனவன் சொந்த விஷயம் என்று இப்போது பேசுகிறவர்கள் இந்த ஆற்றைப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

உனக்கு உற்சாகம் வரட்டும் என்று பெரியவர்கள் கதையைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம். டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டபிறகு 1951-இல் சாகிறவரை பெரும்பாலும் ஒரே அறைக்குள் கிடந்தார். சரித்திரப் புத்தகத்தில் அந்த இருபது வருஷம் சில பக்கத்தில் ஓடிவிடும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டோனாவூர் போனபோது, அவர் கேட்டபடியே கல்லறைக்கல் வைக்காமல் பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பதைப் பார்த்தேன். தொட்டி ஓரத்தில் ஒரு மைனா நின்றது. அந்த அறையில் ஒரு புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். நமக்கு வேண்டியது அந்த மூன்று மணிதான். இடையன்குடிக் கோயிலும் அப்படியே. கால்டுவெல் ஐயர் 1847-இல் தொடங்கினது, 1880-இல்தான் பிரதிஷ்டை. நடுவில் தாது வருஷப் பஞ்சம். அஸ்திவாரத்தில் இருபது வயதில் மண் சுமந்த ஆள் ஒருவன் இருந்திருந்தால், முதல் ஆராதனைக்கு ஐம்பத்துமூன்று வயதில் வந்து நின்றிருப்பான். முப்பத்துமூன்று வருஷமும் கட்டிடம் ஏறுகிறதாக அவனுக்குத் தோன்றியிருக்குமா?

சரி, காரியத்துக்கு வருகிறேன். சொந்த வார்த்தை வராத நாளில் ஜெபப்புத்தகத்தைத் திறந்து அச்சில் இருக்கிறதை வாசி. அது கள்ளம் இல்லை. முன்னோர்கள் அந்த நாளுக்கென்றே எழுதிவைத்தது. மௌனமாக வாசிக்காதே, காதில் விழுகிறமாதிரி வாசி. பத்து நிமிஷம் போதும், ஆனால் வேளை மாறக்கூடாது. உள்ளே ஆள் வந்துவிட்டாரா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் எட்டிப் பார்க்காதே. பக்கத்துச் சேகரத்தில் உன் வயது ஊழியன் ஒருத்தன் இருப்பான். வாரத்தில் ஒரு நாள் அவனோடு டீ குடி, இந்தக் கடிதத்தில் எழுதினதை அவனிடமும் சொல். வயதானவர்களிடம் மட்டும் சொன்னால் நாங்கள் செத்துப்போய்விடுவோம்.

உன்மேலும் பேச்சு வரும். கணக்கை எழுதி இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கு, பிறகு தூங்கு. மணிக்கயிற்றை அந்தக் கைபேசிப் பையன்களிடம் கொடுத்துவிடு. முதல் வாரம் தப்பும் தவறுமாகத்தான் அடிப்பார்கள், ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். மூன்று பாட்டிகளில் கண் மங்கினவள் ஒருத்தியாவது இருப்பாள். சாயங்காலம் போய் அவளுக்கு ஒரு அதிகாரம் வாசி. வரிசையாக வாசி.

எனக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜெபம். சில நாள் ஆமென் சொல்வதற்கு முன்னே கண் அசந்துவிடும். என் வீட்டுக்காரி தோளைத் தட்டி எழுப்பி, மீதியை அவளே சொல்லி முடிக்கிறாள்.

ஐப்பசி மழை தொடங்கினால் உங்கள் ஊர் ஓடையில் பஸ் வராது. அதற்கு முன்னே ஒரு தடவை வந்துவிட்டுப் போ. வரும்போது கோயில் அலமாரியின் கீழ்த்தட்டில் பார். நான் விட்டுவந்த பாமாலைப் புத்தகம், கறுப்பு அட்டை, முதுகில் நூல் பிரிந்திருக்கும். கதவுக்குப் பின்னால் ஒரு குடையும் தொங்கினது. கரையான் அரிக்காமல் மீதி இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வா.

உன் பழைய உபதேசியார்