விரைவும் காவலும்

இளம் அறிவியல் இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் கட்டுரை

முன்னுரை

தேடுவது அரிது, தேடியதைக் காப்பது அதனினும் அரிது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பொன்னுக்கும் நிலத்துக்கும் சொல்லப்பட்ட இவ்வுண்மை, இன்று கணினியில் நாம் சேர்த்து வைக்கும் செய்திகளுக்கும் பொருந்தும். செய்முறைக் குறிப்பு, ஆய்வேடு, நிழற்படம், ஒலிப்பதிவு ஆகிய அனைத்தும் எண்களாக மாறி, சட்டைப் பையில் அடங்கும் பெட்டிக்குள் புகுந்துவிடுகின்றன. அத்தகைய பெட்டிகளுள் விரைவு மிக்கதாகிய கையடக்கத் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பற்றியதே இக்கட்டுரை. கடையில் எஸ்.எஸ்.டி. என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். ஆகவே நானும் அப்பெயராலேயே எழுதுகிறேன்.

இதனை எழுத எனக்குள்ள தகுதி அறிந்தவன் என்பதன்று, இழந்தவன் என்பதே. நாற்பது விநாடி பொறுக்க மாட்டாமல் ஒரு மூதாட்டியின் பாட்டைத் தொலைத்தவன் நான். அக்கதையைப் பின்னர் சொல்வேன். அதனை விளங்கிக்கொள்ள, முதலில் கருவியின் இயல்பை அறிய வேண்டும்.

சுழலும் தட்டும் சுழலாத சில்லும்

1956 ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்னும் கணினியுடன் உலகின் முதல் வன்தட்டை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. அவ்வளவு பெரிய பொறி தாங்கியது ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே. இன்று நம் கைபேசி எடுக்கும் ஒரு நல்ல நிழற்படமே அதனை நிரப்பிவிடும்.

பின்னாளில் வன்தட்டு உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தட்டு சுழல்கிறது. அதன்மேல் ஒரு கை நகர்ந்து செய்தியைப் படிக்கிறது. கையடக்க வன்தட்டுகள் பல நிமிடத்துக்கு 5400 முறை சுழல்பவை. அப்படியானால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிவிநாடி ஆகும். வேண்டிய இடம் கைக்கு நேரே வரும்வரை சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். திருவிழாவில் சுற்றும் குடை இராட்டினத்தில் நாம் ஏற விரும்பும் குதிரை நம் முன் வரும்வரை நிற்பதைப் போன்றது இது. ஒரு பெரிய கோப்பாயின் ஒருமுறை காத்தால் போதும். பத்தாயிரம் சிறு கோப்புகளாயின் பத்தாயிரம் முறை காக்க வேண்டும் அன்றோ?

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. குறைகடத்திச் சில்லில் எண்ணற்ற நுண்ணறைகள் உள்ளன. மின்காப்புப் பொருளால் சூழப்பட்ட ஒவ்வோர் அறையிலும் எலக்ட்ரான்களைப் புகுத்தி அடைத்து வைக்கலாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அவை உள்ளேயே தங்கியிருக்கும். இக்கருத்துக்கு வித்திட்டவர்கள் 1967 இல் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய டாவோன் காங், சைமன் சீ ஆகிய இருவர். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபுஜியோ மசுவோகா 1984 இல் இதனைப் ‘ஃபிளாஷ்’ நினைவகமாக அறிவித்தார். இன்றைய எஸ்.எஸ்.டி.களில் உள்ள ‘நாண்ட்’ வகை 1987 இல் வெளிவந்தது.

ஓர் அறையில் மின்னூட்டம் உண்டு, இல்லை என்று இரண்டு நிலைகளை மட்டும் பிரித்தறிந்தால் ஒரு பிட் செய்தி அடங்கும். எட்டு நிலைகளைப் பிரித்தறிந்தால் மூன்று பிட்; பதினாறாயின் நான்கு பிட். நிலைகள் கூடக்கூட விலை குறையும். எழுதும் வேகமும் அறையின் ஆயுளும் அதனுடன் குறையும். மலிவான பெட்டிக்கும் விலையுயர்ந்த பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இதுவே.

பெட்டி விரைந்தாலும் வழி விரைய வேண்டும்

நான் பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு டெராபைட் எஸ்.எஸ்.டி. வாங்கினேன். கணினியில் செருகியதும் 931 ஜிகாபைட் என்று காட்டியது. ஏமாந்தோமோ என்று திடுக்கிட்டேன். உற்பத்தியாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், விண்டோஸ் 1024 ஆகப் பெருக்குகிறது. அவ்வளவே வேறுபாடு என்பது பின்னர்த் தெரிந்தது.

அடுத்த ஏமாற்றம் வேகத்தில் வந்தது. விநாடிக்கு 1000 மெகாபைட் என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. எங்கள் ஆய்வகக் கணினியில் இணைத்து 60 ஜிகாபைட் பதிவுகளை நகலெடுத்தபோது 25 நிமிடம் ஆயிற்று. கணக்கிட்டால் விநாடிக்கு 40 மெகாபைட்! பெட்டியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தபோது எங்கள் பேராசிரியர் அருகில் வந்தார்.

“ஏம்பா, இந்தக் கேபிள் ஏது?”

“என் கைபேசிக்குச் சார்ஜ் போடுற கேபிள் சார். ரெண்டு முனையும் பொருந்திச்சு.”

“முனை பொருந்தினால் போதுமா? உள்ளே எத்தனை கம்பி போகிறது என்று பார்த்தாயா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அன்று அவர் கற்பித்த பாடத்தைச் சுருக்கமாகத் தருகிறேன். யு.எஸ்.பி. என்னும் இணைப்பு முறை 1996 இல் வெளிவந்தது. அதனை உருவாக்கிய குழுவில் இந்தியாவில் பிறந்தவரும் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றியவருமான அஜய் பட் முக்கியமானவர். முதலில் அதன் உச்ச வேகம் விநாடிக்கு 12 மெகாபிட். 2000 ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அது 480 மெகாபிட் ஆயிற்று. 2008 இல் 5 ஜிகாபிட். 2013 இல் 10 ஜிகாபிட். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆதலால் 480 மெகாபிட் என்பது 60 மெகாபைட். நடைமுறையில் கிடைப்பது 40 அளவே. சார்ஜ் போடும் கேபிள்கள் பலவற்றுள் இந்த இரண்டாம் பதிப்புக்குரிய கம்பிகள் மட்டுமே உள்ளன. முனை புதிய டைப்-சி வடிவமாக இருப்பதைக் கண்டு மயங்கக் கூடாது.

கிணற்றில் எவ்வளவு ஊற்று இருந்தாலும் வாய்க்காலின் அகலத்துக்குத்தான் வயலுக்கு நீர் பாயும். பெட்டி, கேபிள், கணினியின் துளை ஆகிய மூன்றில் எது மெதுவானதோ, அதுவே முழு வேகத்தையும் தீர்மானிக்கிறது. பெட்டியுடன் வந்த கேபிளைப் பொருத்தி, 10 ஜிகாபிட் துளையில் செருகியபோது அதே 60 ஜிகாபைட் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. ஒரே நிமிடத்தில் ஏன் முடியவில்லை? பெட்டி தன் அறைகளில் ஒரு பகுதியை ஒற்றைப் பிட் முறையில் விரைவாக நிரப்பிக்கொள்கிறது. அப்பகுதி தீர்ந்ததும் எழுதும் வேகம் இறங்கிவிடும். அட்டையில் அச்சிடும் எண் தொடக்க வேகமே.

ஏன் கையில் சுமக்க வேண்டும்?

‘இணையத்தில் ஏற்றிவிடலாமே, பெட்டி எதற்கு?’ என்று நண்பர்கள் கேட்பதுண்டு. விநாடிக்கு 10 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் 60 ஜிகாபைட் செல்ல 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மின்சாரமும் இணைப்பும் நடுவில் அறாமல் இருந்தால்தான் அதுவும். 2017 ஏப்ரலில் உலகின் பல இடங்களிலுள்ள எட்டு வானொலித் தொலைநோக்கி நிலையங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கருந்துளையைப் பதிவு செய்தன. அச்செய்தி இணையத்தில் அனுப்ப இயலாத அளவுக்குப் பெரிதாக இருந்தமையால், வன்தட்டுகளில் நிரப்பி விமானத்தில் கொண்டு சென்றார்கள். தென்துருவத்திலிருந்து வரவேண்டிய தட்டுகளுக்காகக் குளிர்காலம் கழியும்வரை காத்திருந்தார்கள். அப்படம் 2019 ஏப்ரலில் வெளியாயிற்று. ஆகவே பெட்டியைக் கையில் சுமப்பது பழமை என்று எண்ணுவதற்கில்லை.

நான் இழந்த பாட்டு

2024 ஆம் ஆண்டு எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஒரு சிற்றூரில் ஏழு நாள் நடைபெற்றது. தமிழ்த்துறை நண்பர்கள் அவ்வூர் மூதாட்டிகளிடம் தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்தார்கள். பதிவுகளைக் காக்கும் பொறுப்பு, ‘இயற்பியல் மாணவன்’ என்ற காரணத்தால் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது.

கடைசி நாள் மாலை, ஒரு பாட்டி தம் கணவர் இறந்த அன்று பாடிய ஒப்பாரியை எங்களுக்காகப் பாடினார். பாடி முடித்தபின் நெடுநேரம் யாரும் பேசவில்லை. அவர் பாடிய மூன்று பதிவுகள், ஏறத்தாழ ஒன்றரை ஜிகாபைட். நிறைவு விழாவைப் படமெடுக்க அட்டை காலியாக வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். லினக்ஸ் இயங்கும் பழைய மடிக்கணினியில் அட்டையையும் எஸ்.எஸ்.டி.யையும் செருகினேன். நகலெடுக்கவில்லை, ‘வெட்டி ஒட்டு’ என்று கட்டளையிட்டேன். சில விநாடியில் திரையில் கட்டம் மறைந்தது. ‘ஆகா, என்ன வேகம்!’ என்று பெருமிதத்துடன் பெட்டியைப் பிடுங்கிப் பையில் போட்டேன். அதன் ஓரத்தில் சிறுவிளக்கு அப்பொழுதும் மினுக்கிக்கொண்டிருந்ததை என் கண் கண்டது, அறிவு காணவில்லை.

மறுநாள் திறந்து பார்த்தால் மூன்று கோப்புகளின் பெயர் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

நடந்தது இதுதான். நாம் எழுதச் சொல்லும் செய்தியைக் கணினி முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெல்ல மெல்லப் பெட்டிக்கு அனுப்புகிறது. நான் கண்டு வியந்தது நினைவகத்தின் வேகம். அந்த மடிக்கணினியின் துளையோ பழைய இரண்டாம் பதிப்பு. விநாடிக்கு 40 மெகாபைட் வீதம் ஒன்றரை ஜிகாபைட் சென்று சேர ஏறத்தாழ 40 விநாடி வேண்டும். அதற்குள் நான் இணைப்பை அறுத்துவிட்டேன். ‘வெட்டி ஒட்டு’ என்றதால் மூலம் அட்டையிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. அதன்மேல் நிறைவு விழாவின் படங்கள் எழுதப்பட்டுவிட்டமையால் மீட்கவும் இயலவில்லை.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் அவ்வூருக்குச் சென்றோம். பாட்டி எங்களுக்கு மோர் கொடுத்தார். தாலாட்டு இரண்டு பாடினார். அந்த ஒப்பாரியைக் கேட்டபோது சற்று யோசித்துவிட்டு, “அது அன்னிக்கு வந்துச்சு கண்ணு. இன்னிக்கு வரமாட்டேங்குது” என்றார். நான் தலைகுனிந்து நின்றேன்.

கடைப்பிடிக்க வேண்டியவை

இவ்வனுபவத்திலிருந்து நான் கற்றவற்றை நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்று: மதிப்புள்ள எதனையும் ‘வெட்டி ஒட்ட’க் கூடாது. நகலெடுத்து, நகலைத் திறந்து பார்த்து, பிறகே மூலத்தை நீக்க வேண்டும்.

இரண்டு: ‘பாதுகாப்பாக நீக்கு’ என்ற கட்டளையைக் கொடுத்து, கணினி இசைவு தந்த பின்னரே கேபிளை எடுக்க வேண்டும். எந்த இயங்குதளமாயினும் இப்பழக்கம் நன்று.

மூன்று: விண்டோஸ், மேக் ஆகிய இரண்டிலும் படிக்கவும் எழுதவும் வேண்டுமாயின் எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைக்கலாம். பழைய ஃபேட்-32 முறையில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. எந்த முறையாயினும் புதிதாக வடிவமைத்தால் பெட்டியில் முன்பிருந்தவை அழியும் என்பதை மறக்கலாகாது.

நான்கு: எஸ்.எஸ்.டி.யை நிரப்பிப் பீரோவில் பூட்டி ஆண்டுக்கணக்காக மறந்துவிடக் கூடாது. அறைகளில் அடைபட்ட எலக்ட்ரான்கள் மெல்லக் கசிபவை. எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த ஒரு சாதாரண எஸ்.எஸ்.டி., மின்சாரமின்றி 30 பாகை செல்சியசில் ஓராண்டு செய்தியைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் அமைப்பு வகுத்த தரம். புதிய பெட்டி அதனினும் நெடுநாள் காக்கும். வெப்பம் மிகுந்தால் அக்காலம் குறையும். சில மாதங்களுக்கு ஒருமுறை இணைத்துக் கோப்புகளைத் திறந்து பார்ப்பது நலம்.

ஐந்து: எவ்வளவு நல்ல பெட்டியாயினும் ஒன்று என்பது ஒன்றே. வன்தட்டு கெடுமுன் சிலவேளை ஓசையெழுப்பி எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. ஓசையின்றியே நின்றுவிடக் கூடும். இரண்டாவது நகல் வேறொரு பெட்டியிலும், மூன்றாவது வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும்.

முடிவுரை

உ.வே.சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க எத்தனை இல்லங்களின் ஏடுகளைத் தேடித் திரட்டினார் என்பதைத் தமிழ் மாணவர்கள் அறிவர். ஓர் ஏட்டில் சிதைந்தது மற்றோர் ஏட்டில் கிடைத்தது. முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் ஒவ்வோர் எழுத்தாகப் பெயர்த்து எழுதிப் பல படிகளை ஆக்கி வைத்திருந்ததால் வந்த பயன் அது. அவர்களுக்கு ஒரு படி எடுக்க மாதங்கள் ஆகியிருக்கும். நமக்கு இரண்டு நிமிடம். விரைவான கருவி நமக்கு மிச்சப்படுத்தித் தரும் நேரத்தில் இன்னொரு நகல் எடுத்து வைப்பதே அவ்விரைவின் உண்மையான பயன் என்று நான் கருதுகிறேன்.

அம்முகாமில் கிடைத்த மற்றப் பாடல்கள் இன்று மூன்று இடங்களில் உள்ளன: தமிழ்த்துறையின் வன்தட்டில், என் எஸ்.எஸ்.டி.யில், பாட்டியின் பேரன் கணினியில். மூன்றிலும் ஒரே பட்டியல். அதில் கடைசி நாள் மாலைக்குரிய ஒப்பாரிக்கு நேரே ‘பதிவு இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். அவ்வரியை நீக்கிவிடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள், நான் நீக்கவில்லை. பின்னால் இப்பொறுப்பை ஏற்கும் தம்பி தங்கையர் அதனைக் கண்டு, கேபிளைப் பிடுங்குமுன் நாற்பது விநாடி பொறுப்பார்களாயின் அதுவே எனக்குப் போதும்.