வரப்பில் நடந்த அரசியல்

அமெரிக்கப் பெண்கள் நாடு முழுவதும் வாக்குரிமை பெற்ற ஆண்டு 1920. மறு ஆண்டே சென்னை மாகாணச் சட்டமன்றமும் பெண்களுக்கு அவ்வுரிமையை வழங்கியது. ஆயினும் சொத்தும் வரியும் உடையோர்க்கே வாக்கு என்றிருந்தமையால், தஞ்சைக் கழனியில் நாற்று நட்ட பெண்ணுக்கு அது எட்டவில்லை. அவளிடம் அரசியலைக் கொண்டுசென்றவர்களுள் ஒருவர் மணலூர் மணியம்மை.

அந்தணர் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே கைம்மை எய்தியவர் அவர். தலைமுடியைக் கத்தரித்து, வேட்டியும் சட்டையும் அணிந்தார்; சிலம்பமும் கற்றார். சேற்று வரப்பில் நடப்பவர்க்கு அவ்வுடையே ஏற்றது போலும்! சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாகப் பெற்ற பண்ணையாட்களைச் சேரிதோறும் சென்று சங்கமாகத் திரட்டினார். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே மணியம்மை மறைந்தார். அவர் அடிச்சுவட்டைத் தேடிச் சென்ற ராஜம் கிருஷ்ணன், ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்னும் புதினமாக அவ்வாழ்வை எழுதினார்.