அந்த 12 புள்ளி உன்னுடையது அல்ல

பாலாவி

அன்புள்ள மருமகனுக்கு,

உன் குரல் பதிவும் அதோடு வந்த ஸ்கிரீன்ஷொட்டும் கிடைத்தன. லைசன் மூன்று மாதத்துக்கு நிறுத்தம் என்ற செய்தியைக் கேட்டதில் இருந்து உன் உம்மா சரியாகச் சாப்பிடவில்லை. விசாவையும் வெட்டி உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று நான் சொல்லிவிட்டேன். நீயும் ஒரு போன் எடுத்துச் சொல்லு.

இனி விஷயத்துக்கு வருவோம். "மூன்று மாதம் நிறுத்தியது அநியாயம், இதை எங்கே போய்க் கேட்கலாம்?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியை விடு. ஒரு வருஷத்துக்குள் 24 கறுப்புப் புள்ளி சேர்ந்தால் முதல் தடவை 3 மாதம், இரண்டாம் தடவை 6 மாதம், மூன்றாம் தடவை ஒரு வருஷம் என்பது துபாயில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. 2008 மார்ச்சில் புள்ளி முறை வந்தபோது நான் ஜெபல் அலிக்கு டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே 24 தான், இன்றைக்கும் 24 தான். கூட்டுத்தொகை 24 ஆகிவிட்டால் நிறுத்தம் தானாக வரும். அங்கே இரங்குவதற்கு ஆள் இல்லை. நீ கேட்க வேண்டியது, அந்த 24 எப்படி வந்தது என்பதை.

உன் ஸ்கிரீன்ஷொட்டில் நாலு வரி இருக்கிறது. ஓட்டும்போது போன் பிடித்தது: 800 திர்ஹம், 4 புள்ளி. பெல்ட் போடாதது: 400 திர்ஹம், 4 புள்ளி. முன்னால் போன வண்டிக்கு இடம் விடாமல் ஓட்டியது: 400 திர்ஹம், 4 புள்ளி. சிவப்பு விளக்கில் போனது: 1,000 திர்ஹம், 12 புள்ளி. 2017 ஜூலையில் வந்த பட்டியலில் உள்ள தொகைகள்தான் இவை, ஒன்றும் கூட்டிப் போடவில்லை. முதல் மூன்றும் நீ செய்தவை. அதில் உனக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை. ஊரில் மோட்டார் சைக்கிள் ஓடும்போதே ஒரு கையில் போன்தானே உனக்கு.

ஆனால் நாலாவது வரியின் திகதியை நீ பார்த்தாயா? தங்கச்சியின் கலியாணத்துக்கு நீ ஊருக்கு வந்து நின்ற கிழமை அது. அல் குசைஸில் அந்தக் கமராவுக்குள் உங்கள் கம்பனி பிக்கப் விழுந்த நேரத்தில் நீ இங்கே பந்தல்காரனோடு கம்பு நட்டுக்கொண்டிருந்தாய். லைசன் போன கவலையில் மொத்தத்தைத்தான் பார்த்திருக்கிறாய். ஒவ்வொரு வரியாகத் திறந்து திகதி, மணி, இடம், வண்டி இலக்கம், படம் எல்லாவற்றையும் பார். துபாய் பொலிஸ் அப்பிலேயே எல்லாம் இருக்கும்.

இது எப்படி நடந்திருக்கும் என்று சொல்கிறேன். கமரா வண்டியின் இலக்கத் தகட்டைத்தான் பிடிக்கும். வண்டி கம்பனியின் பெயரில் இருந்தால் முஹாலஃபா, அதாவது குற்றப் பதிவு, கம்பனியின் டிராஃபிக் ஃபைலில் போய் விழும். தண்டத்தைக் கம்பனி கட்டிவிடலாம். புள்ளியைக் கம்பனி சுமக்க முடியாது, அதற்கு ஒரு மனிதனின் லைசன் இலக்கம் வேண்டும். சிவப்பு விளக்குக் குற்றத்துக்கு வண்டியை 30 நாள் பிடித்துவைப்பதும் சேர்ந்து வரும். ஓடுகிற பிக்கப் ஒரு மாதம் நின்றால் கம்பனிக்கு நட்டம். ஆகவே ஒஃபிஸில் எல்லாரும் அவசரப்படுவார்கள். கம்பனியின் அரச அலுவல் பார்க்கும் மந்தூப் மேசை லாச்சியைத் திறப்பான். விசா புதுப்பிக்க நீ கொடுத்த லைசன் கொப்பி மேலே கிடந்திருக்கும். நீ லீவில் இருந்தாய், கேட்க ஆளில்லை. உண்மையில் ஓட்டியவன் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்திருப்பான்.

இப்படித்தான் நடந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இப்படி நடந்த பல கதை எனக்குத் தெரியும். அதனால் உன்னிடம் ஒரு கேள்வி, மறைக்காமல் பதில் சொல்லு. ஊரில் இருந்து திரும்பிப் போன பிறகு உன்னிடம் ஏதாவது அரபிக் கடதாசியில் கையெழுத்து வாங்கினார்களா?

வாங்கவில்லை என்றால் உன் பாதை நேரானது. வாங்கினார்கள், வாசிக்காமல் போட்டாய் என்றாலும் பரவாயில்லை, அதையும் அப்படியே சொல்லு. நீ அன்று நாட்டில் இல்லை என்பதைக் கையெழுத்து மாற்றிவிடாது. ஆனால் யாருடைய புள்ளியையோ எடுத்துக்கொள்ளக் காசு வாங்கியிருந்தால் நியாபாவுக்கு, அதாவது போக்குவரத்து வழக்குத் தொடுநரிடம், போகுமுன் எனக்குச் சொல்லு. அதிகாரிக்குப் பொய்த் தகவல் கொடுத்தது தனிக் குற்றம். அந்த நிலைமையில் டைப்பிங் சென்டர் போதாது, வக்கீல் வேண்டும். சில கம்பனிகளில் முதீரின், அதாவது மேலாளரின், புள்ளியைச் சின்னச் சம்பளக்காரன் தலையில் கட்டி, கையில் ஏதாவது வைப்பது வழக்கமாகவே இருக்கிறது. ஒரு டிரைவரின் பிழைப்பே அந்தக் கார்ட்தான் என்பது வாங்குகிறவனுக்கும் விளங்குவதில்லை.

நீ அப்படிச் செய்யவில்லை என்று வைத்துக்கொண்டு மிச்சத்தை எழுதுகிறேன்.

முதலில் கடதாசி சேர்த்துக்கொள். பாஸ்போர்ட்டில் கட்டுநாயக்கவில் குத்திய முத்திரை இரண்டு இருக்கும், வந்தது ஒன்று, போனது ஒன்று. துபாயில் நீ ஸ்மார்ட் கேட் வழியாகப் போயிருந்தால் அங்கே முத்திரை இருக்காது. கவலைப்படாதே. நம்ம ஆட்கள் பாஸ்போர்ட் ஒஃபிஸ் என்று சொல்லும் வதிவிட, வெளிநாட்டவர் விவகாரத் திணைக்களத்தில் நீ நாட்டை விட்டுப் போனது, திரும்பி வந்தது எல்லாம் திகதியோடு ஓர் அறிக்கையாக எடுக்கலாம். அதுதான் உன் பலமான கடதாசி. ஏனென்றால் அது அவர்களுடைய சொந்தப் பதிவு, நம்ம ஊர் முத்திரை மங்கியிருக்கிறது என்று ஒருவரும் ஒதுக்க முடியாது. அதோடு விமான டிக்கட், கம்பனி தந்த லீவு லெட்டர். கலியாண அல்பத்தைத் தூக்கிக்கொண்டு போகாதே. உன் உம்மா அதை அனுப்பச் சொல்லி நிற்கிறா. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நீ நிற்கும் படத்தில் திகதி ஏது?

அடுத்தது மந்தூப்பிடம் போ. சண்டை பிடிக்காதே. "அந்த முஹாலஃபாவை என் லைசனுக்கு மாற்றிய கடதாசியின் கொப்பி ஒன்று தாங்க" என்று மட்டும் கேள். வாயால் கேட்டுவிட்டு வட்ஸ்அப்பிலும் அதையே எழுதிப் போடு. அவன் தராவிட்டாலும் நீ கேட்டதற்கு அத்தாட்சி இருக்கும். நல்ல ஆளாக இருந்தால் தன் பிழையைத் தானே பொலிஸில் போய்த் திருத்திக்கொடுப்பான், உனக்கு வேலை பாதியில் முடியும். கம்பனி எழுத்தில் "அன்று வண்டி ஓட்டியவர் இவர் அல்ல" என்று தந்தால் அதைவிட வேறொன்றும் தேவையில்லை.

தரவில்லை என்றால் ஆட்சேபம். துபாய் பொலிஸின் போக்குவரத்துப் பிரிவில் தொடங்கி நியாபாவுக்குப் போகிற வழி அது. மனு அரபியில் இருக்க வேண்டும். டைப்பிங் சென்டரில் உட்கார்ந்திருக்கும் மலையாளி உனக்காக எழுதித்தருவான். அவனுக்கு நீ என்ன சொல்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவனிடம் ஒரு பழைய மாதிரி மனு இருக்கும்: ஏழை, குடும்பம் பெரிது, தயவு காட்டுங்கள் என்று. அதை எடுக்க விடாதே. உன் பெயர், லைசன் இலக்கம், முஹாலஃபா இலக்கம், அது நடந்த திகதியும் நேரமும், அந்த நேரத்தில் நீ நாட்டுக்கு வெளியே இருந்தாய், இதோ அறிக்கை, இந்த 12 புள்ளியை என் ஃபைலில் இருந்து நீக்குங்கள். அவ்வளவுதான். கஷ்டத்தைச் சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைக்கக் கேட்கிறாய் என்று வாசிப்பவன் எடுத்துக்கொள்வான். நீ குறைக்கக் கேட்கவில்லை, திருத்தக் கேட்கிறாய். எழுதி முடிந்ததும் ஒவ்வொரு வரியையும் உனக்குத் தமிழிலோ ஹிந்தியிலோ சொல்லச் சொல்லு. விளங்காமல் இனி ஓர் அரபிக் கடதாசியிலும் கையெழுத்துப் போடாதே.

நம்ம ஊர்ப் பழக்கம் உனக்கு இதில் தடையாக நிற்கும். இங்கே பாலாவிச் சந்தியில் கற்பிட்டி ரோட்டுக்குத் திரும்புகிற இடத்தில் மறித்தால் கதைத்துப் பார்க்கலாம், சார்ஜனுக்கு நம்ம மாமாவைத் தெரிந்திருக்கும். கதை எடுபடாவிட்டால் லைசனை வாங்கி வைத்துக்கொண்டு தண்டச் சீட்டைத் தருவான். 14 நாளைக்குள் தபால் கந்தோரில் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசனை எடுத்தால் அத்தோடு முடிந்தது. யாரும் பழைய கணக்கு வைத்திருக்க மாட்டார்கள். இங்கேயும் 24 புள்ளி முறை வரப்போகிறது என்று பல வருஷமாகச் சொல்கிறார்கள். உப்பு லொறிக்காரரும் சீமெந்து லொறிக்காரரும் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். வந்தால் அவர்களுக்கும் உன் கதைதான்.

போன், பெல்ட், இடைவெளி மூன்றையும் சேர்த்து ஆட்சேபிக்கலாமா என்று உன் அறைக் கூட்டாளி கேட்டதாகச் சொன்னாய். வேண்டாம். பெல்ட் போடாத உன் முகம் படத்தில் இருக்கும்போது அதையும் மறுத்தால் உண்மையான மறுப்பையும் நம்ப மாட்டார்கள். அந்த மூன்றுக்கும் சேர்ந்த 12 புள்ளி உன்னுடையது, ஏற்றுக்கொள். ஏற்றுக்கொண்ட பிறகு குறைக்கவும் வழி இருக்கிறது. 24 ஆகாதவர்கள் பொலிஸ் நடத்தும் வகுப்புக்குப் போனால் வருஷத்துக்கு ஒரு தடவை 8 புள்ளி கழியும். ஓகஸ்டில் பள்ளிக்கூடம் திறக்கிற நாளை விபத்தில்லா நாள் என்று வைத்து, உள்துறை அமைச்சின் தளத்தில் உறுதிமொழி எடுத்து அன்று பிழையில்லாமல் ஓட்டினால் 4 கழித்திருக்கிறார்கள். முதல் 8 புள்ளி ஏறிய அன்றே எனக்கு ஒரு மெசேஜ் போட்டிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருந்திருக்காது. சரி, போகட்டும்.

முடிவு வரும்வரை வண்டியில் ஏறாதே. யாட்டுக்குள்ளே ரிவர்ஸ் எடுத்துத் தர, பக்கத்துச் செட்டில் பெற்றோல் அடித்துவர என்று ஃபோர்மன் கேட்பான், கட்டாயம் கேட்பான். 2025 மார்ச் 29 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் நிறுத்தப்பட்ட லைசனோடு ஓட்டினால் சிறையும் இருக்கிறது, தண்டம் 10,000 திர்ஹத்தில் தொடங்குகிறது. 12 புள்ளிக்காக அழுகிறவன் அந்தக் கேஸில் மாட்டினால் அதன் பிறகு நான் எழுத ஒன்றும் இருக்காது. ஊர் லைசனைக் காட்டி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் அவனோடு கதையே வேண்டாம். வதிவிட விசாவில் இருக்கிற உனக்கு அது செல்லாது.

வேலையை விட்டுவிட்டு அறையில் படுக்கவும் கூடாது. காரணமில்லாமல் தொடர்ந்து 7 நாளுக்கு மேல் போகாவிட்டால் முன்னறிவித்தல் இல்லாமலே நிறுத்த அவர்களுக்கு உரிமை வந்துவிடும். முடிவு வரும்வரை ஸ்டோரிலோ ஹெல்ப்பராகவோ வேலை தரும்படி எழுத்தில் கேள். தண்டத்தைச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்றால் எவ்வளவு, எதற்கு என்று ஒவ்வொரு மாதமும் குறித்து வை. எல்லாக் காரணத்தையும் சேர்த்தாலும் சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்க முடியாது. மீறினால் மனிதவள அமைச்சில் முறைப்பாடு செய்யலாம். அதை முதலில் செய்யாதே, கம்பனி திருத்தித் தர வாய்ப்பு இருக்கும்போது கதவை நீயாக அடைக்க வேண்டாம்.

ஆட்சேபம் தோற்றால் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்ப ஓட்டு. ஊருக்கு ஓடி வராதே. கத்தாருக்கு மாறுவோமா என்று மச்சான் சொன்னது காதில் விழுந்தது. அங்கே 14 புள்ளியிலேயே நிறுத்திவிடுவார்கள், நீ போன் பிடிக்கிற வேகத்துக்கு அது ஆறு மாதம் தாங்காது.

திங்கட்கிழமை வேலை தொடங்கியதும் முதலில் நீ நாட்டை விட்டுப் போய்த் திரும்பிய அந்த அறிக்கைக்கு விண்ணப்பம் போடு. மந்தூப் தருகிற கடதாசியை, அரபியாக இருந்தாலும் சரி, முழுப் பக்கமும் தெரியப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. மனுவில் கையெழுத்து வைக்குமுன் நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

துஆவுடன்,
உன் மாமா