பழைய புத்தகத்தை டைப் செய்யாமலே டெக்ஸ்ட் ஆக்கலாம்!

புதிதாக ஸ்கேனர் வாங்குபவர்கள் முதலில் ஸ்கேன் செய்வது கல்யாண போட்டோவாகத்தான் இருக்கும். நான் எடுத்தது என் தாத்தாவின் சித்த மருத்துவப் புத்தகம். அட்டை எப்போதோ போய்விட்டது. தாளைத் தொட்டாலே ஓரம் உதிர்கிறது.

ஆனால் ஸ்கேன் செய்தால் கிடைப்பது வெறும் படம்தான். அதில் 'சுக்கு' என்று தேடினால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. படத்திலுள்ள எழுத்துகளைப் படித்து டெக்ஸ்ட் ஆக மாற்றும் வேலைக்கு ஓசிஆர் என்று பெயர். இதில்தான் இப்போது செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏஐ, நன்றாகக் கை கொடுக்கிறது. இலவச ஓசிஆர் மென்பொருளான டெஸ்ஸராக்ட், 2018-ல் வெளியான 4-வது பதிப்பு முதல் நியூரல் நெட்வொர்க் முறையில் ஒரு வரியை முழுதாகப் பார்த்துப் படிக்கிறது. அதற்குத் தமிழும் தெரியும்.

புதியவர்களுக்கு எளிய வழி கூகுள் டிரைவ். பக்கத்தை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து ஜேபிஜி ஃபைலாக சேவ் செய்யுங்கள். டிரைவில் ஏற்றி, அதன் மேல் ரைட் க்ளிக் செய்து, ஓபன் வித் மெனுவில் கூகுள் டாக்ஸைத் தேர்ந்தெடுங்கள். சிறிது நேரத்தில் படமும் அதன் கீழே டெக்ஸ்ட்டும் வந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இனிதான் கவனம் தேவை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகங்களில் தும்பிக்கை போட்ட 'லை', 'னை' வரும். அவற்றில் பிழை வந்தால் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ஆபத்து தமிழ் எண்களில் இருக்கிறது. ௧ என்பது க போலவும், ௨ என்பது உ போலவும், ௮ என்பது அ போலவும் இருக்கும். என் புத்தகத்தில் 'சுக்கு ௨ பலம்' என்றிருந்தது 'சுக்கு உ பலம்' என்று வந்தது. இது ஓசிஆர் செய்த பிழை.

நான் செய்த பிழை வேறு. அந்த டெக்ஸ்ட்டை ஒரு ஏஐ உரையாடல் மென்பொருளிடம் கொடுத்து, "பிழைகளைத் திருத்து" என்றேன். அழகாகத் திருத்தித் தந்தது. 'சுக்கு ஒரு பலம்'! வாக்கியம் சுத்தமாக இருந்ததால் நானும் கவனிக்கவில்லை. மறுநாள் அம்மாதான் புத்தகத்தை வைத்துக்கொண்டு, "ரெண்டுன்னுல்லடா போட்டிருக்கு" என்றார். 'உ' என்று இருந்தவரை பிழை என்றாவது தெரிந்தது. திருத்தியபின் அதுவும் மறைந்துவிட்டது. மருந்தின் அளவு பாதியாகிவிட்டது.

ஆகவே இப்போது நான் கேட்பது இப்படி: "எதையும் மாற்றாதே. சந்தேகமான சொற்களை மட்டும் வரி எண்ணோடு பட்டியல் போடு." பிறகு அந்த வரிகளைப் படத்தோடு ஒப்பிட்டு நானே திருத்துகிறேன். பட்டியலில் விடுபடுவதும் உண்டு. எனவே எண் வரும் இடங்களை எப்படியும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தமிழ் விக்கிமூலத்திலும் பக்கத்தின் படத்தையும் டெக்ஸ்ட்டையும் அருகருகே வைத்துத்தான் மெய்ப்புப் பார்க்கிறார்கள். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் சரிபார்க்கிறார். எங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் அம்மா.

ஓசிஆர் தந்த டெக்ஸ்ட், திருத்திய டெக்ஸ்ட், ஸ்கேன் படம் மூன்றையும் ஒரே பக்க எண்ணைப் பெயராக வைத்து ஒரே ஃபோல்டரில் சேமியுங்கள். டெக்ஸ்ட் வந்துவிட்டதே என்று படத்தை மட்டும் டெலீட் செய்துவிடாதீர்கள்.